கட்டம் பதினான்கு

கணினியில் காடு என்பது ஓர் அடுக்கு.
பெயர், ‘பச்சை மூன்று’.
ஒரு சொடுக்கில் போய்விடும்,
இன்னொரு சொடுக்கில் வரும்.
சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை அலுவலக மாடியில்
ஒன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை.
சித்திரையில் மௌஸே சுடும்.

சிவப்புக் கோடு, புறவழிச்சாலை.
ஒடுகத்தூர் தாண்டியதும்
கரடிக்கொல்லைச் சரணாலயத்துக்குள் நுழைந்து
நாலே கால் கிலோமீட்டர் போய்
ஒன்றும் நடக்காததுபோல வெளியே வரும்.

மத்திய அரசுக்குப் போகும் படிவத்தில்
பதினான்காவது கட்டம்:
காட்டைத் தொடாத மாற்று வழி உண்டா?
உண்டென்றால் அதை ஏன் விட்டீர்கள்?
‘இல்லைன்னு அடிம்மா’ என்றார் செயற்பொறியாளர்.
அடித்தேன்.
மூன்று எழுத்து.

இருந்தது.
நீல நிறத்தில் நானே வரைந்திருந்தேன்.
எட்டு கிலோமீட்டர் சுற்று,
ஏரிக்கரையை ஒட்டி,
மூன்று மனைப்பிரிவுகளின் நடுவே.
மான் தோப்பு நகர், மயில் அவென்யூ,
மூன்றாவதன் பெயர் மறந்துவிட்டது.
அந்த அடுக்கை அணைத்துவிட்டுத்தான் அச்செடுத்தோம்.

கலெக்டர் அலுவலகத்தில் கருத்துக்கேட்பு.
பேர்ணாம்பட்டு வழக்கறிஞர் ரஹ்மத்துன்னிசா
ரெக்சின் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார்,
பக்கங்களுக்கு நடுவே பஸ் டிக்கெட்டுகள்.
பொறியாளர் சிரித்தார்:
‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
நம்ம ஊர்ப் பழமொழிதானே மேடம்,
எதைக் காப்பாத்தப் போறீங்க?’
கூடம் சிரித்தது.
நானும், கொஞ்சம்.

‘பழமொழியைக் கூண்டில் ஏத்தி
குறுக்கு விசாரணை பண்ண முடியாது சார்.
பதினாலாவது கட்டத்தைப் பண்ணலாம்.’

பிறகு வேட்டைத் தடுப்புக் காவலர் பொன்னாண்டி
மழையில் ஊறி உப்பிய நோட்டைப் பிரித்து
பள்ளிக்கூடப் பையன்போல வாசித்தார்:
‘மாசி ஏழு. கரடி ஒண்ணு, முதுகுல ரெண்டு குட்டி.
தெக்க இருந்து வடக்க.
மாசி பதினொண்ணு. அலங்கு.
சுருண்டுக்கிச்சு. லாரி நிக்கல.
மாசி பன்னெண்டு. ஒண்ணும் வரல.’
ஒன்றும் வராத நாளையும்
அவர் எழுதி வைத்திருந்தார்.

‘படத்தைத் திரையில போடுங்க’ என்றார் கலெக்டர்.
லேப்டாப் என் மடியில்.
பேச எனக்கு எப்போதும் வராது,
பெண் பார்க்க வந்தவர்களிடமே பேசியதில்லை.
விரல் மட்டும் பட்டியலில் இறங்கி
‘நீலம் ஒன்று’ மேல் நின்றது.

திரையில் ஏரியைச் சுற்றி
ஒரு கோடு வந்தது.
மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.
வழக்கறிஞர் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்ததற்கு
இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லவில்லை.

படிவம் திரும்பி வந்துவிட்டது.
சாலை செத்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை;
கோப்புகள் அவ்வளவு எளிதில் சாகா.
பொறியாளர் என்னிடம் சாவிக்கொத்தால் பேசுகிறார்.
மாற்றல் உத்தரவு வரும் என்கிறாள் டெஸ்பாட்ச் எழிலரசி,
திருவண்ணாமலை என்றால் பரவாயில்லை, பஸ் இருக்கிறது.

போன ஞாயிறு ஒடுகத்தூர் பஸ் ஏறினேன்.
ஒன்பது வருடத்தில் முதல் முறை.
பழமொழி பாதி உண்மைதான்,
மலை நெடுகப் பாறை, முள், வெயில்.
ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை.
சிவப்புக் கோடு வரவேண்டிய இடத்தில்
கறையான் புற்று ஒன்று
நகங்களால் பிளந்து கிடந்தது.
உள்ளே மண் இன்னும் ஈரம்.

என்னையறியாமல் ஆள்காட்டி விரல்
ஒருமுறை சொடுக்கியது.
புற்று அங்கேயே இருந்தது.