ஏசித் தண்ணீர்

பர்க்கா நர்சரியில் ஒன்றரை ரியால்.
எண்ணூறு பைசாவுக்குக் கேட்டேன்.
குல்பாஸ் கான் சிரிக்கக்கூட இல்லை.
பிக்கப்பின் பின்னால் நின்றபடி
சோஹார் வந்து சேர்வதற்குள்
பாதி இலை காற்றோடு போயிருந்தது.

பெயிண்ட் வாளியின் அடியில்
டிரில்லால் ஆறு ஓட்டை.
சலித்த காட்டாற்று மணல் ஒரு பங்கு,
தேங்காய் நார்க்கழிவு இரண்டு.
இட்லிப்பூவுக்குப் புளித்த மண் வேண்டும்,
இந்த ஊர் மண்ணோ சுண்ணாம்பு.
மூன்றாம் வாரம் இலை மஞ்சளித்தது,
நரம்பு மட்டும் பச்சையாக,
காமாலைக்காரன் புறங்கை மாதிரி.

குழாய்த் தண்ணீர் உப்பு.
அதுவும் ஜூலையில்
மாடித் தொட்டித் தண்ணீரில் டீத்தூள் போட்டால்
நிறம் இறங்கும்.
அதை வேரில் ஊற்றுவது கொலை.

நான் ஏசி மெக்கானிக்.
எனக்கே எட்டு வாரம் ஆனது
பின்சுவர்க் குழாயைத் திரும்பிப் பார்க்க.
உப்பில்லாத தண்ணீர்.
எட்டுப் பேரின் மூச்சும் வியர்வையும்
குளிர்ந்து சொட்டுவது.
ராத்திரிக்கு ஒன்றரை வாளி.

வெட்சி என்று பழைய பெயர் உண்டு இதற்கு.
சூடிக்கொண்டு போய் மாடு கவர்ந்தார்களாம்.
நான் கவர்ந்தது கம்பெனியின் சொட்டு.
பூத்தொட்டி வைக்கக் கூடாதென்று
மூன்று மொழியில் நோட்டீஸ் இருக்கிறது.
வாளியைப் பற்றி ஒன்றும் இல்லை என்று
கேம்ப் பாஸ் தாமஸ்குட்டியே சொன்னார்.

விடிகாலை நாலு மணிக்கு, டியூட்டி பஸ்ஸுக்கு முன்,
இரண்டு மக்கு.
மதியத்தில் தொடவே கூடாது.
மாதம் ஒருமுறை சிட்டிகை இரும்புச் சத்து.
மேற்கு வெயிலுக்குப் பழைய டக்ட் தகடு.
மாவுப்பூச்சிக்கு யாருடைய ஷாம்புவோ,
யாரோ எறிந்த பிரஷ்.

ஆகஸ்டில் ஒரு கொத்து கட்டியது.
விரியுமுன் கிள்ளிவிட்டேன்,
முதல் கொத்தைக் கிள்ளினால்தான் பக்கக்கிளை வெடிக்கும்.
தொஃபாயல் இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை.

பிறகு டிசம்பர்.
ஊருக்கே குளிர், ஏசிக்கு ஓய்வு.
குழாயின் வாய் காய்ந்து
அதில் ஒரு சிலந்தி குடியேறியது.

ஒரு ராத்திரி
நடுங்கிக்கொண்டே விழித்தேன்.
அறை பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
பீகார்க்காரர்கள் இருவரும் ஒரே கம்பளிக்குள் புகுந்து
யாரென்று தெரியாமல்
பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து
தூங்குகிறவனைவிட நன்றாகத்
தூங்கிக்கொண்டிருந்தான் தொஃபாயல்.

வெளியே போய்ச் சிலந்தியை அப்புறப்படுத்தி
வாளியை நேராக வைத்துவிட்டு
வந்து படுத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
டொக்.

வெகுநேரம் கழித்து
டொக்.