நாலே முக்கால்

தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரியில் வந்திறங்கின
இரண்டு பாய்கள்.
ஒன்று ஏழு சதுர மீட்டர். மற்றது நாலே முக்கால்.
பாய் என்றால் விரித்துப் படுக்கத்தான் தெரியும்
தாராபுரத்துக்கு.

கூடவே ஒரு பலகை,
அதன் அடிவயிற்றில் மாட்ட
முழங்கால் உயரத்தில் அலுமினியத் தண்டு,
தண்டின் நுனியில் கரியநிறச் சிறகு.
ஃபாயில்.
நீருக்கடியில் அது பறந்தால்
நீருக்கு மேலே நீ பறப்பாய்
என்றான் விற்றவன், பணத்தை எண்ணிக்கொண்டே.

நீளத் தண்டும் இருந்தது. வேண்டாமென்றாள் சிந்துஜா.
உப்பாற்று அணை காய்ந்து கிடந்த வருஷங்களில்
முளைத்த சீமைக்கருவேலம் எல்லாம்
இப்போது தண்ணீருக்குள் நிற்கிறது, முள்ளோடு.

சண்டை பாயில்தான் வந்தது.
எண்பத்து நாலு கிலோ நான்.
"ஏழு இல்லாம என்னைய யாருங்க தூக்கறது?"
அவள் வெள்ளகோவிலில் பல் பிடுங்குகிறவள்,
ஆத்திரப்படாமல் சொன்னாள்:
"தூக்கறது பாய் இல்லீங்க, அடியில இருக்கற றெக்கை.
பாய் சும்மா நவுத்தி உட்டாப் போதும்."
அவளுக்கும் அன்றுதான் முதல் நாள்.

ஆடி பதினொன்று.
மழையை மலைக்கு அந்தப்பக்கமே இறக்கிவிட்டு
பாலக்காட்டுக் கணவாய் வழியே
வெறுங்கையோடு வந்தது காற்று.
அம்மியும் பறக்கும் மாதமாம்.
அம்மி கிடக்கட்டும்,
என் குதிகால் ஒரு சாண் எழுந்தால் போதும்.

பெரிய பாயைத் தூக்கி நிறுத்துவதற்குள்
இடுப்பு விட்டுப்போனது.
நின்றதும் இழுத்தது. இழுத்ததும் நானும் இழுத்தேன்.
பலகை மூக்கை வானத்துக்குக் காட்டியது,
சிறகு தண்ணீரைவிட்டு வெளியே வந்து விழித்தது,
பிறகு நான் மல்லாக்க.
மறுபடி. மறுபடி.
கரையில் செம்மறி மேய்த்தவர்
பதினாலு வரைக்கும் எண்ணிவிட்டு
ஆடுகளை எண்ணப் போய்விட்டார்.

சிந்துஜாவின் முறை. நாலே முக்கால்.
அவளும் விழுந்தாள், ஆறு தடவை.
ஏழாவதில்
பலகைக்கடியில் தட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம்
நின்றது.
அவ்வளவுதான் நடந்தது. ஒரு சத்தம் நின்றது.
பலகையின் நிழல் பலகையைவிட்டுப் பிரிந்து
கூடவே ஓடியது.
திரும்பி வந்தவள் மூச்சு வாங்கக் கத்தினாள்:
"முன்னங்காலு! எந்திரிக்கறப்ப முன்னங்கால அழுத்தோணும்!
கீழ பாக்காதீங்க, அக்கட்டால கரையப் பாருங்க!"
நான் கேட்டேன்.
கேட்டுவிட்டு மறுபடியும் ஏழு மீட்டரை மாட்டினேன்.

திங்கட்கிழமை வேலை.
பூளவாடிக்குத் தெற்கே, நாற்பத்தேழாம் நம்பர் காற்றாலை,
எண்பது மீட்டர் ஏணி.
மேலே போய் மூன்று இறக்கைகளின் அடிமூட்டுக்கும்
கிரீஸ் வைக்க வேண்டும்.
எதற்கு அந்த மூட்டு?
காற்று அளவுக்கு மீறினால் இறக்கை
தன்னைத்தானே திருகிக்கொண்டு
அகலத்தை மறைத்து விளிம்பைக் காட்டும்.
வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு
மீதியை வழியனுப்பும்.
பதினெட்டு வருஷமாக அந்த மூட்டில்
நான்தான் கிரீஸ் வைக்கிறேன்.

கிரீஸ் கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கீழே சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில்
"என்னாச்சுங்?" என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிறு. நாலே முக்கால்.
நெம்பச் சிறிசாக, பிள்ளையின் சட்டையை
மாட்டினது போலிருந்தது.
நகரவே மாட்டேனென்றது முதலில்.
பாயை நாலைந்து தரம் விசிறினேன்.
பலகை ஓடியது, காலடியில் ஏதோ இளகியது.
இழுக்க வந்த பின்கையைக்
கொஞ்சம், கதவை ஒருச்சாய்க்கிற அளவு, திறந்துவிட்டேன்.
முன்னங்கால்.
அக்கரையில் ஒரு ஒற்றைப் பனை.

சத்தம் நின்றது.

எத்தனை நேரமென்று கேட்டால்
சிந்துஜா நாலு விநாடி என்பாள்,
ஆட்டுக்காரர் அவ்வளவெல்லாம் இல்லை என்பார்.
அப்புறம் சிறகு கருவேலங்கட்டையில் இடித்து
பனைக்கு நேராக நான் மட்டும் தொடர்ந்து போனேன்.
வலது முட்டியில் மூன்று தையல்.

பெரிய பாயை விற்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
மொட்டைமாடியில் அதன்மேல்
கொத்துமல்லி காய்கிறது,
காற்றடித்தால் பறக்காதிருக்க
நாலு மூலைக்கும் செங்கல்.