பதில் அனுப்ப வேண்டாம்

நூற்றறுபது எழுத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.
இடைவெளியும் கணக்கில் சேரும்.
"தயவுசெய்து" என்பதைப் பயிற்சியின் முதல் நாளே வெட்டிவிட்டார்கள்:
மரியாதை இடத்தை அடைக்கிறதாம்.

நான் மார்லிஸ் ட்வைட்.
மினசோட்டாவில், பெரிய ஏரியின் கரையில் ஒரு சிறிய கல்லூரி.
பதினோரு குளிர்காலமாக அதன் பாதுகாப்பு அறையில் இருக்கிறேன்.
மூன்று திரை, கசியும் காப்பி இயந்திரம்,
சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட விதிகள்:
ஓடு. முடியாவிட்டால் ஒளிந்துகொள்.
அதுவும் முடியாவிட்டால் எதிர்த்து நில்.
கீழே யாரோ பென்சிலில்
"முதலில் கார் நிறுத்த இடம் தேடு" என்று சேர்த்திருந்தார்கள்.
அழிக்க மனம் வரவில்லை.

நான் அனுப்பியவை பெரும்பாலும் சாதுவானவை.
வேதியியல் கூடத்தில் வாயுக் கசிவு
(கசிவில்லை, யாரோ வேகவைத்து மறந்த முட்டை).
காற்றின் கடியோடு மைனஸ் நாற்பது, வகுப்புகள் ரத்து.
ஒரு செப்டம்பரில், நூலகப் படியில் கரடி, படமெடுக்கப் போகாதீர்கள்.
போனார்கள்.

பிப்ரவரி பதினேழு, மாலை நான்கு முப்பத்தெட்டு.
தொலைபேசியில் மூச்சு முதலில் வந்தது, பேச்சு பின்னால்.
பச்சை ஜாக்கெட். தோளில் நீளமாகக் கறுப்பு உறை.
அறிவியல் கட்டடத்தை நோக்கிப் போகிறான்.
"துப்பாக்கியா?" என்றேன்.
"நீளமாக இருக்கிறது" என்றாள்.
படிவத்தில் சந்தேகத்துக்குக் கட்டம் கிடையாது.
ஆம், இல்லை, அவ்வளவுதான்.
ஆம் என்பதை அழுத்தினேன்.

மூவாயிரத்து நானூறு சட்டைப்பைகள் ஒன்றாக நடுங்கின.
கேமராவில் பார்த்தேன்,
பனியில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும்
ஒரே சமயத்தில் தலை குனிந்தார்கள்.
அடுத்து யாருமே இல்லை.
ஒரு கையுறை மட்டும் கிடந்தது,
விரல்கள் விரிந்தபடி.

ஐம்பத்தொரு நிமிடம்.
காவலர்கள் மாடி மாடியாகத் தேடி இறங்கினார்கள்.
அபாயம் நீங்கியது, வழக்கம்போல் இயங்கவும் என்று அனுப்பிவிட்டு
கோப்பில் எழுதினேன்:
ஆள் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு எச்சரிக்கையின் காலடியிலும் ஒரு வரி உண்டு:
இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.
அனுப்புகிறார்கள்.
அது ஒரு பெட்டியில் போய் விழும்.
அதைத் திறப்பது யாருடைய வேலையும் அல்ல.
அந்தச் சனிக்கிழமை, வெளியே பனி கொட்ட,
கை சும்மா இருக்காமல் திறந்தேன்.

நாளைக்குத் தேர்வு உண்டா?
துணி துவைக்கும் அறையில் ஆறு பேர் இருக்கிறோம், மெஷின் சத்தம் போடுகிறது, நிறுத்தலாமா?
அம்மா, இது உன் எண் இல்லையென்று தெரியும்.
இனி எனக்கு எதுவும் அனுப்பாதே.

பிறகு, நான்கு நாற்பத்து நாலு:
நானும் பச்சை ஜாக்கெட்தான். கழற்றிவிடட்டுமா?

நான்கு நாற்பத்தொன்பது:
என்னிடம் இருப்பது ஐஸ் துளைக்கும் கருவி, ஏரியில் மீன் பிடிக்க. விதியில் சொன்னபடி ஒளிந்திருக்கிறேன். கொதிகலன் அறை, பின்பக்கம்.

நான்கு ஐம்பத்தெட்டு:
கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவா, இங்கேயே இருக்கவா? என் பெயர் தூ ஷியோங். இரண்டாம் ஆண்டு.

ஐந்து இருபது:
யாராவது?

ஐந்து முப்பத்தொன்று:
நன்றி.

அந்த நன்றியை எங்கே வைப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

குழுவிடம் சொன்னேன்.
பதில்களைப் படிக்க ஓர் ஆள் போடுங்கள் என்றேன்.
வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார்கள்.
படித்தால் பொறுப்பாகிவிடுமாம்.
நான் படிக்கிறேன், ஒவ்வொரு ஷிப்டிலும்,
காப்பி வடியும் நேரத்தில்.

மார்ச் முதல் வாரம் மூன்றாம் திரையில் அவன் வந்தான்.
ஜாக்கெட் இப்போது ஆரஞ்சு.
கருவிக்கு உறை இல்லை.
அதன் இரும்புச் சுருள் எல்லோருக்கும் தெரியும்படி
இரு கையாலும் முன்னால் ஏந்தி நடந்தான்,
ததும்பும் பாத்திரத்தைக் கொண்டுபோவதைப்போல.

மூன்றாம் திரையிலிருந்து முதல் திரைக்கு வந்தான்.
பிறகு ஏரிப்பக்கம் திரும்பி,
நம் கேமரா எட்டாத வெள்ளைக்குள்
இறங்கிப் போய்விட்டான்.