சந்தாப் புத்தகம்

இந்த ஊரில் தீயணைப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது.
நாங்கள்தான் மாதாமாதம் சந்தா கட்டுகிறோம்,
எரிகிற வீட்டுக்குள் போவதற்கு.
சிலிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொன்னால்
திருப்பிக் கேட்பார்கள்:
கட்டுகிறீர்களா, வாங்குகிறீர்களா?

கட்டுகிறோம்.
கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
நீல அட்டை, ஈரம் பட்டு ஊதிய ஓரம்.

சங்கு ஊதினால்
பல் வைத்தியம் பார்க்கும் யாஸ்னா
நாற்காலியில் ஒருவரை வாய் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வருவாள்.
(பஞ்சைக் கடித்துக்கொண்டிருங்கள், வந்துவிடுவேன்.)
நிபால்தோ மீன் செதிலோடு வருவான்.
கோட்டுக்குள் அந்த வாடை கோடை முழுக்கப் போகாது.
அவனுக்கு மூன்று மாத பாக்கி.
போன வாரக் கூட்டத்தில்
எல்லோர் முன்னாலும் பெயரை வாசித்தேன். விதி அப்படி.

பிப்ரவரியில் தெற்கத்திக் காற்று
கோபிவே குன்றின் மேல் ஏறியது.
யூகலிப்டஸ் பட்டைகள் எரிந்துகொண்டே பறந்து
தகரக் கூரைகளில் உட்கார்ந்தன.
குழாய்த் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது.
எங்களிடம் இருந்தது ஒரு வண்டித் தண்ணீர்.
ஒரு சந்து.
இரண்டு வீடுகள்.
ஒன்றில் கூரை பிடித்துவிட்டது.
மற்றதில் சுவர் மட்டும் சூடு.
இருபது வருஷமாக எங்கள் குலுக்கல் சீட்டு
ஒன்றுகூட வாங்காத ருடெசிந்தோவின் சுவர்.

குழாய்முனை நிபால்தோவின் கையில்.
கேப்டன் வாயைத் திறப்பதற்குள்
அவன் சுவரை நனைக்க ஆரம்பித்திருந்தான்,
பிடித்துவிட்ட வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி.
அதன் ஜன்னலில் பச்சைத் திரை சுருண்டது.
அந்தத் திரைக்குத் துணி தேடி
அவனோடும் அவன் மனைவியோடும்
ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்திருக்கிறேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டினான்.
கையில் மூன்று மாதச் சந்தா.
யாரிடம் வாங்கினானோ, கேட்கவில்லை.
இப்போது என்ன அவசரம் என்று சொல்ல வந்து
அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.
வாங்காமல் விட்டால்
பெயரை அடித்துவிட்டதாகத்தான் ஆகும்.
எண்ணினேன். நூறு பெசோ குறைந்தது.
அதையும் சொன்னேன்.

ரசீதில் முகவரி என்ற இடத்துக்கு வந்ததும்
பேனா நின்றது.
"நிலையம்னு போடு," என்றான்.
"மாடியில ஒரு கட்டில் சும்மாதானே கிடக்கு."

அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடும்.
முட்டுக் கொடுக்க
ஓர் அட்டையை நாலாக மடித்துக் கொடுத்தேன்.