முப்பதுக்கு மேல் போகாது

ஸ்வீடனில் பதினைந்து வயதில் கார் ஓட்ட
ஒரு வழி இருக்கிறது:
காரைக் காராக இருக்க விடக் கூடாது.
பின்னிருக்கையைப் பிடுங்கி, தகரத்தை அறுத்து,
அங்கே ஒரு பலகைத் தொட்டி பொருத்தி,
முதுகில் சிவப்பு முக்கோணம் மாட்டி
'இது டிராக்டர்' என்று எழுதி வாங்கிவிட்டால் போதும்.
மணிக்கு முப்பது கிலோமீட்டர்.
அதற்கு மேல் போனால் குற்றம்.
ஃபோல்கேயின் வோல்வோ அதற்கு மேல் போகவும் போகாது.

கண்ணாடியில் பதினேழு வாசனை அட்டைகள் தொங்கும்,
எல்லாம் ஊசியிலை மர வடிவம்.
வெளியே அதே மரம், லட்சக்கணக்கில், இலவசமாக.
ஓட்டுநர் பக்கக் கதவு திறக்காது.
இருக்கைகள் இரண்டு. ஒன்று அவனுக்கு.
மற்றது கோடை முழுக்க எனக்கு,
ஒரே ஒரு மாலை மட்டும் டின்ட்ராவுக்கு.

அந்த ஒரு மாலையை என்னிடம்
நாற்பது தடவையாவது சொல்லியிருப்பான்.
ட்ராம்போன் பெட்டியை மடியில் வைத்திருந்தாளாம்.
ஒரு வார்த்தை பேசவில்லையாம்.
"எவ்வளவு ஆழமானவள், பார்!"
பார்த்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஏழு மணிப் பேருந்தில்
அவள் ஸ்டூருமானுக்குப் போகிறாள், அப்பா வீட்டுக்கு.
இரண்டே வாரம்தான்.
ஃபோல்கேயைக் கேட்டால் அது ஒரு யுகம்.
"கையுறையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்று
டாஷ்போர்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான்.
சாம்பல் நிறம், கட்டைவிரலில் ஓட்டை.
"விரட்டு" என்றேன்.
வேறென்ன சொல்ல.

விரட்டினோம்.
வில்ஹெல்மினாவைத் தாண்டவே ஆறு நிமிடம்.
இறக்கத்தில் சக்கரச் சறுக்குக் கட்டைகளில் வந்த கிழவர்
எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து,
மன்னிப்புக் கேட்பதுபோல் தொப்பியைத் தொட்டார்.
பின்னால் வண்டிகள் சேர்ந்தன: ரொட்டி வேன்,
மரம் ஏற்றிய லாரி, இழுவைப் பெட்டியில் ஒரு குதிரை,
எங்கோ அடக்கத்துக்கு நேரமாகிவிட்ட பாதிரியார்.
தேர்தான் நாங்கள்;
வடம் மட்டும் பின்பக்கம்.
ஃபோல்கே பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து,
இருநூறில் பறக்கிறவன்போல வளைவுகளில் சாய்ந்தான்.

பத்தாவது கிலோமீட்டரில் பனிமான்கள்.
எழுபது எண்பது இருக்கும். நடுச்சாலையில் நின்று
அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவைபோல்
யோசித்துக்கொண்டிருந்தன.
அவற்றுக்கு முன்னால், பேருந்து.
ஒன்று அதன் சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தது, உப்புக்காக.

ஃபோல்கே ஜன்னல் வழியே குதித்து ஓடினான்.
ஒத்திகை பார்த்த வசனம் இருந்தது, மூன்று வரி.
நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
பேருந்தின் கதவு திறந்ததும்
"உன் கையுறை" என்றான்.
"என்னுடையது இல்லையே" என்றாள் டின்ட்ரா.

ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார்.
ஒரு மான் இருமியது.
பிறகு அவள் சிரித்தாள். ட்ராம்போன் வாசிக்கிறவளின் சிரிப்பு,
அடிவயிற்றிலிருந்து காற்றைத் திரட்டிக்கொண்டு வந்தது.
சிரித்தபடியே இறங்கினாள்.
இருக்கைகள் இரண்டுதானே.
அவள் டிக்கெட்டில் நான் ஏறினேன்.

ஸ்டூருமானில் அவள் அப்பா காத்திருந்தார்.
மகளுக்குப் பதில் நான் இறங்கினேன், ட்ராம்போனோடு.
முழுக்கதையும் சொன்னேன்.
"முப்பதிலா?" என்று மட்டும் கேட்டார்.
விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.
பெட்டிக்கடையில் ஆளுக்கொரு காபி வாங்கினார்.
ஒன்றரை மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஒரே பக்கம் தோற்ற இரண்டு ஆட்டக்காரர்கள்போல.

முதலில் தெரிந்தது அவர்கள் இல்லை, வரிசை.
சரிவில் பத்தொன்பது ஜோடி விளக்குகள்,
எல்லோர் கையும் ஹாரனில்.
கல்யாண ஊர்வலமென்று நினைத்துக்
கடைக்காரி வெளியே வந்து கைதட்டினாள்.
நானும் தட்டினேன்.
ஒரு கையில் மட்டும் சாம்பல் நிறக் கையுறை;
சத்தமே எழவில்லை.