உருண்டையான பொருள் ஐந்து

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஜவ்வரிசி ஆலையின் மாடியில் வகுப்பு.
கீழே தொட்டிகளில் மாவுப்பால் தெளிந்துகொண்டிருக்கும்.
அதன் புளித்த வாடை
எங்களுக்கு முன்பே படியேறி வந்து
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

லாவோஸிலிருந்து ஆறு பேர்.
மரவள்ளியை மாவாக்கும் தொழில் படிக்க மூன்று மாதம்.
இயந்திரத்தின் கையேடு ஆங்கிலத்தில்,
ஃபோர்மேன் திட்டுவது ஆத்தூர்த் தமிழில்.
நடுவில் சம்பளமில்லாமல் நாங்கள் இருவர்:
ரயில் தபால் பிரிக்கும் மகுடேஸ்வரன்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கணக்கெழுதும் நான்.

என் பெயர் பரிமளா.
அவர்கள் நாக்கில் ர ஏறாது, பலிமலா என்கிறார்கள்.
வாழைப்பழத்தை வாலப்பலம் என்று விற்கும் ஊரில்
பிறந்துவிட்டு
இதற்கெல்லாம் முகம் சுளிக்க முடியாது.

ஒருத்தியைப் பதிவேட்டில் ஆலை எழுத்தர்
லட்சுமி என்று எழுதிவைத்திருந்தார்.
அவள் லாட்சமி.
என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தாள்.
போட்டாள்.
எனக்குப் புரிந்துவிட்டது,
எழுத்தர் கடைசிவரை திருத்தவில்லை.

மகுடேஸ்வரன் கொண்டுவந்த புத்தகத்தில்
ஒரு பையன் பனியில் பொம்மை செய்கிறான்.
எட்டுப் பேரில் ஒருவரும் பார்க்காத பனி.
மூடிவைத்துவிட்டு
கிழங்கு, தோல், சல்லடை, ஈரம், எடை என்று
கைக்கு எட்டியதைச் சொல்லிக்கொடுத்தோம்.
அவர்கள் மொழியில் மரவள்ளி மான் தொன்.
மான் என்றால் கிழங்கு, தொன் என்றால் மரம்.
நாம் மரத்தை முன்னால் வைத்தோம்,
அவர்கள் பின்னால்.

தகராறு நேற்றில்தான்.
அவர்களுடைய வினைச்சொல்லில் காலம் ஒட்டாது.
எஸ்டர்டே ஐ கோ. டுமாரோ ஐ கோ.
போனதும் போகப்போவதும் ஒரே செருப்பில்.

அன்று வியாழன், கரண்ட் போய் வந்திருந்தது.
உருண்டையான பொருள் ஐந்து சொல்லுங்கள் என்றேன்.
பந்து.
எலுமிச்சை.
நிலா என்றாள் லாட்சமி.
ஒருவன் தரையைக் காட்டி, ஜவ்வரிசி. எல்லோரும் சிரித்தோம்.
ஐந்தாவதற்குக் கடைசி பெஞ்சில்
இரண்டு வாரமாக வாய் திறக்காத கம்பெத்
பாம்பி என்றான்.

நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.
மகுடேஸ்வரன் துடைப்பத்தை எடுத்தான்.
பாம்பா, எங்கே, எந்தப் பக்கம்,
பெஞ்சுக்கடியில் செல்போன் வெளிச்சம் அடித்துத் தேடுகிறோம்.
அவர்களில் யாரும் நகரவில்லை.
யாரும் சிரிக்கவுமில்லை.

எழுந்து வந்து பலகையில் வரைந்தான்.
எலுமிச்சையைவிடப் பெரிது, ஆரஞ்சைவிடச் சிறிது.
அதற்கு மேலே ஒரு கோடு, மண்.
கோட்டின் மேல் மரவள்ளி, ஏழேழு இலையோடு.
பிறகு தன்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் சேர்த்து:
மை அங்கிள். கசாவா. டிக்.
காலம் ஒட்டாத வினைச்சொல்.
அவன் மாமா இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்.

எப்போது போட்டது என்று கேட்டான் மகுடேஸ்வரன்.
விமானம்போல் கையை விரித்து,
மை ஃபாதர் பேபி
என்று தொட்டில் ஆட்டிக் காட்டினான்.

போன வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,
ஆங்கிலத்தில் பேசாத எழுத்துகள் உண்டென்று.
கத்திக்கு முதலில் ஒரு கே.
ஆட்டுக்குட்டிக்கும் வெடிகுண்டுக்கும் கடைசியில் ஒரு பி.
எழுதணும், சொல்லக்கூடாது.
அந்த பி
அவர்கள் காட்டில் வாய்மூடிக் கிடந்து
மண்வெட்டி பட்டதும் பேசியிருக்கிறது.

பலகையில் நான்குதான் இருந்தன.
ஐந்தாவதை எழுதினேன்.
எழுத்துக்கூட்டினேன், அவர்களும் கூட்டினார்கள்.
சரிக்குறி போடக் கை வரவில்லை.
கம்பெத்தே சாக்பீஸை வாங்கிப் போட்டான்.

எட்டே முக்கால்.
சேர்வராயன் மலையில் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது.
பேருந்து நிறுத்தத்துக்கு எப்போதும்
மரவள்ளிக் காட்டு வரப்பில்தான் போவோம்,
பாதித் தூரம் மிச்சம்.
மகுடேஸ்வரன் வரப்பில் ஒரு கால் வைத்தான்.
நின்றான்.
செருப்பைப் பார்த்தான்.
தார்ச்சாலைக்குத் திரும்பினான்.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.
ஒன்பது மணி வண்டி போய்விட்டிருந்தது.