மூன்றா, எட்டா

பதினான்கு நாள் தவணை.
பிடிக்கவில்லையென்றால் பெட்டியோடு திருப்பிக் கொடு என்று
ஸ்வெர்ரே வைத்துவிட்டுப் போனான்.
இன்று பதினோராம் நாள்.
அட்டைப்பெட்டியை நான் இன்னும் மடிக்கவில்லை,
தெர்மோகோல் மூலைகள் நான்கும்
கலையாமல் அதற்குள் இருக்கின்றன.

ஹௌகெசுந்தில் மழை.
அதற்கு ஒரு வரியைச் செலவழிக்க வேண்டியதில்லை,
ஆனால் கையுறைகள் நனைகின்றன,
காயவைக்க ஓர் இடம் வேண்டும்.
ஒன்பது வருடமாய் அந்த இடம்
பழைய திரையின் முதுகு.
முப்பத்தோரு கிலோ.
அதைச் சுமந்து மேசை நடுவில் தொய்ந்துவிட்டது.
காலையில் பொத்தானை அழுத்தினால்
'டொய்ங்' என்றொரு உதறல்,
நிறங்கள் ஒருமுறை தலைசுற்றி நிலைக்கு வரும்.
பத்து மணிக்குக் கம்பளி காய்ந்திருக்கும்,
சுட்ட தூசியின் வாசத்தோடு.

புதியது ஒல்லி.
பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்,
மீதி எங்கே என்று.
ஒரு கம்பி, ஒரு ஒட்டுச்சீட்டு, அவ்வளவுதான்.

கண்ணுக்கு நல்லதாம், என்றாள் ராக்னில்.
மின்சாரம் பாதியாம்.
பெர்கனில் எல்லோரும் மாறிவிட்டார்களாம்.
அவள் சொன்ன எல்லாம் 'ஆம்' போட்டே முடிந்தது,
எதையும் அவள் நேரில் பார்த்திருக்கவில்லை.

நான் பார்த்தேன்.
புதியதில் கறுப்பு கறுப்பாக இல்லை,
யாரோ உள்ளே ஒரு விளக்கை அணைக்க மறந்ததுபோல்
சாம்பலாய் இருக்கிறது.
தலையைச் சாய்த்தால் நீலம் வெளுக்கிறது,
இருபது மீட்டர் ஆழம் ஐந்தாகத் தெரிகிறது.
நானோ நேராக உட்காருகிறவள் அல்ல.

கடலுக்கு எண் போடுவது என் வேலை.
படகிலிருந்து ஆழம் அளந்தவர்களின் ஈரத்தாள்கள்
ஸ்கேன் ஆகி வரும்.
பென்சில் எழுத்தைப் படித்து, ஒவ்வொன்றாய்த் தட்டி,
வரைபடத்தில் விதைப்பேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்
இரண்டையும் பக்கம் பக்கமாய் வைத்து,
சும்மா, நிறம் பார்க்க,
ஒரு பழைய தாளைத் திறந்தேன்.
ஸ்கார்வ்ஹோல்மென் திட்டுக்குத் தெற்கே
பழையதில் எட்டு மீட்டர்.
புதியதில் மூன்று.

கண்ணாடியைத் துடைத்தேன்.
பழையதின் முகத்தைத் துடைத்தேன்,
சடசடவென்று விரலைக் கடித்தது.
மறுபடி எட்டு.
ஓரங்கள் கசிந்து,
மூன்றின் திறந்த வாய்கள் இரண்டும்
மூடிக்கொண்டிருந்தன.

அச்சான வரைபடத்தை விரித்தேன்.
எட்டு.
என் கை போட்ட எட்டு, இரண்டு வருடமாய்.

அளந்த யெர்ட்டுக்குத் தொலைபேசினேன்.
மறுமுனையில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.
"அங்கேயா? அங்கே பாறை.
அந்தப் பக்கம் யார் போகிறார்கள்?"
சிரித்தார்.
அன்றிரவு அந்தப் பக்கம்
நான்தான் போய்க்கொண்டிருந்தேன்,
விடியும்வரை, அடித்தட்டு உரச உரச.

திருத்த அறிவிப்பு மறுநாளே போய்விட்டது.
இங்கேயே இதை முடித்துவிடலாம்,
புதியது வென்றது என்று.
ஆனால் நேற்று ராக்னிலின் படிக்கும் கண்ணாடியைக்
கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன்:
பழையதிலும் அந்த எட்டு
இடதுபக்கம் லேசாய்த் திறந்தது.
முழு மூன்று அல்ல.
சந்தேகப்பட்டு
தாளைக் கையில் எடுக்கச் சொல்கிற அளவுக்கு மூன்று.
எனக்கு நாற்பத்தெட்டு வயது.
பழியில் எத்தனை பங்கு கண்ணாடிக்குழாய்க்கு,
எத்தனை பங்கு எனக்கு,
அதைக் காட்டும் திரை கடையில் இல்லை.

கண் மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

மதியம் இருவர் வந்து பழையதைத் தூக்கினார்கள்.
அணைந்த கண்ணாடியில்
ஒன்பது வருட வரைபடச் சட்டம்
தீய்ந்த கோடாய்த் தெரிந்தது.
நான்கு பக்கமும் எல்லை,
உள்ளே ஓர் எண்கூட இல்லை.
மாடிப்படியில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான்,
முப்பத்தோரு கிலோவுக்கு ஏற்ற வார்த்தை.

மேசையின் தொய்வு மட்டும் நிமிரவில்லை.
புதியதை நடுவில் வைத்தால்
என் பக்கம் தலை கவிழ்கிறது,
நீலம் வெளுக்கிறது.
கத்தரிக்கோலைத் தேடினேன்.
அட்டைப்பெட்டியின் ஒரு காதை வெட்டி,
நாலாய் மடித்து,
அதன் காலடியில் செருகினேன்.
நின்றது.
இனி ஸ்வெர்ரே திருப்பி வாங்கமாட்டான்.

கையுறைகள் இன்னும் என் மடியில்,
சொட்டிக்கொண்டு.